முத்துக்குளித்துறை முதல் தஞ்சை வரை: கிறித்தவ இளையோர்க்குச் சமய ஒழுக்கம் கற்பித்த வரலாறு

தமிழ் உரைநடையின் தோற்றத்தை ஆராய்வோர் 16-ஆம் நூற்றாண்டின் கிறித்தவ அச்சு நூல்களை எழுத்து, சொல், தொடரமைப்பு என்னும் மூன்றன் பொருட்டே பெரிதும் நோக்குவர். அந்நூல்கள் யாருக்காக எழுந்தன, எவ்வகை மாந்தரை உருவாக்க எண்ணின என்னும் வினா அத்துணை எழுப்பப்படவில்லை. அவற்றுட் பல சிறாரையும் குமரப் பருவத்தாரையும் முன்னிறுத்தியே பிறந்தவை. வாயால் ஓதிய சமயத்தை அவ்விளையோர் வீட்டிலும் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் எங்ஙனம் நடந்து காட்டினர் என்பதே அக்காலத் துறவியர் நெஞ்சை உறுத்திய சிக்கலாகும். அதனை இக்கட்டுரைக்கண் ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

அகவை பற்றி ஒன்று கூறல் வேண்டும். பாட்டியல் நூலார் ஆண்மகனின் பருவங்களைப் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை எனப் பகுத்தனர். போர்த்துக்கீசிய மடல்களோ இப்பருவத்தார் எல்லாரையும் சிறுவர் என்னும் ஒரு சொல்லால் அடக்கிவிடும். ஆகலின் அம்மடல்களிற் காணும் சிறுவருள் வலை இழுக்கும் வலிமை பெற்ற இளைஞரும் இருந்திருப்பர் எனக் கொள்ளுதல் பிழையாகாது.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1536, 1537-ஆம் ஆண்டுகளில் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். முத்துக்குளிப்பு உரிமை பற்றி முசுலிம் வணிகரோடு எழுந்த பூசலும், போர்த்துக்கீசியரின் கடற்படைக் காவலும் இம்மாற்றத்துக்கு உடனடிக் காரணங்கள் என்பது வரலாற்றறிஞர் ஒப்பிய முடிபு. ஏறத்தாழ 20,000 பேர் சமயம் மாறினர் என்பர். எண் எதுவாயினும், மாறியவர்க்குப் புதுச் சமயத்தின் பொருள் எடுத்துரைக்கப்படவில்லை என்பது ஐயமின்றித் தெரிகின்றது. கோவாவில் 1542-ஆம் ஆண்டு மே மாதம் கரையிறங்கிய பிரான்சிசு சவேரியார் அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் இக்கரைக்கு வந்தபோது, கிறித்தவர் என்னும் பெயரன்றி வேறறியாத மக்களையே கண்டார்.

அவர் கைக்கொண்ட முறை தமிழகக் கல்வி வரலாற்றில் இடம் பெறத்தக்கது. போர்த்துக்கீசியமும் தமிழும் ஓரளவு அறிந்தாரைக் கூட்டி, விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம் முதலியவற்றைத் தமிழாக்கித் தாம் மனப்பாடம் செய்தார். பின்னர்க் கையில் மணியேந்தித் தெருத்தெருவாகச் சென்று சிறுவரைத் திரட்டி, நாள்தோறும் இருவேளை ஓதுவித்தார். தாம் கற்றதைத் தந்தைதாயர்க்கும் வீட்டார்க்கும் அயலார்க்கும் அச்சிறுவரே கற்பித்தல் வேண்டும் என்பது அவர் இட்ட கட்டளை. நோயுற்றோர் இல்லங்கட்குத் தம்மால் செல்லவியலாத வேளைகளிற் சிறுவரையே அனுப்பி விசுவாச அறிக்கையை ஓதச் செய்தார். உண்ணவும் உறங்கவும் ஒழிவின்றி அவர்கள் தம்மைச் சூழ்ந்து நின்ற செய்தியை 1544-ஆம் ஆண்டு சனவரியிற் கொச்சியிலிருந்து எழுதிய நெடுமடலிற் பெருமகிழ்வுடன் குறித்துள்ளார்.

கற்றவன் கல்லாதானுக்கு உடனே ஆசானாதல் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளிற் சட்டாம்பிள்ளை செய்த பணி அதுவே. புதியது யாதெனின், மகன் தந்தைக்கு ஆசானாகியது. முருகன் சிவபெருமானுக்கு உபதேசித்த கதையைப் போற்றும் நாட்டினரும் தம் வீட்டில் அது நிகழக் கண்டால் எளிதில் ஒப்புவரோ என்பது எண்ணத்தக்கது.

அதே மடலில் மற்றொரு செய்தியும் உண்டு. ஊரில் எவரேனும் பழைய தெய்வ உருவங்களை மறைவில் வழிபட்டால் சிறுவர் அதனைச் சவேரியார்க்கு வந்துரைப்பர். தம் பெற்றோரையும் அவர்கள் விலக்கவில்லை. அவர் அச்சிறுவர் கூட்டத்தோடு அவ்வில்லத்துக்குச் செல்வார். அவர்கள் உருவங்களை உடைத்து மிதிப்பர். சவேரியார் இதனை அவர்தம் சமய ஆர்வத்துக்குச் சான்றாகவே எழுதுகின்றார். கத்தோலிக்க எண்முறையிற் பத்துக் கட்டளைகளுள் நான்காவது தந்தை தாயரை மதித்தல் பற்றியது. காலையிலும் மாலையிலும் அக்கட்டளையை ஓதிய நாவே தந்தையின் வழிபாட்டைக் காட்டிக்கொடுத்தது. முதற் கட்டளையை நடந்து காட்டப் புகுந்த இளையோர் நான்காவதை இழந்தனர் என்று கூறுவது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் வேறு வகையாகக் கூற எமக்கு இயலவில்லை. சவேரியாரைத் தூற்றுதல் எம் கருத்தன்று. ஐரோப்பாவிலும் சமயப் பூசல் உருவங்களை உடைத்துக்கொண்டிருந்த நூற்றாண்டு அது. எனினும் இளையோரைச் சமயத்தின் ஒற்றராக்குதலும், சமயத்தால் அவர்தம் ஒழுக்கத்தைத் திருத்துதலும் வேறு வேறானவை என்பதை மறைத்தல் ஆகாது.

மொழிபெயர்ப்பிலும் இடர் இருந்தது. விசுவாச அறிக்கையை முதலிற் பெயர்த்தோர், நம்புகிறேன் என்னும் பொருள்பட நிற்க வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்னும் சொல்லை அமைத்துவிட்டனர். சிறுவர் கடவுளை நம்புகிறோம் என்பதற்கு மாறாகக் கடவுள் எமக்கு வேண்டும் என்று ஓதிவந்தனர். 1544-ஆம் ஆண்டில் தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதிய மடலொன்றில், ‘வேணும்’ என்பதை நீக்கி விசுவாசம் பற்றிய சொல்லை வைக்குமாறு சவேரியார் அறிவுறுத்தினார். ‘வேண்டும்’ என்பது வேட்கை குறித்த சொல். பத்திமை நூல்களிற் பயின்றோர்க்கு, இறைவனை வேண்டி நிற்றல் குறைவான நிலையாகத் தோன்றாது. பிழையென்று நீக்கப்பட்ட சொல்லே தமிழ்ச் சிறுவர்க்கு அணுக்கமானதாய் இருந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு. சொல்லாராய்ச்சியில் ஈடுபட்ட மாணவர் இதனைத் தனியே ஆராய்வாராக.

சவேரியார் ஊர்தோறும் ஒருவரை நிறுத்திச் சிறுவரை ஓதுவிக்கச் செய்தார். போர்த்துக்கீசிய மடல்கள் இவரைக் கணக்கப்பிள்ளை என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபாலேயே சுட்டுகின்றன. இவர்தம் ஊதியத்துக்காகப் போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 4,000 பணத்தைச் சவேரியார் கேட்டுப் பெற்றார் என வரலாற்று நூலார் கூறுவர். இக்கரையின் முத்து வருவாயிலிருந்து அரசிக்குச் சென்ற பொருள் இக்கரைச் சிறாரின் கல்விக்குத் திரும்பியது.

ஓதுவித்தலிலிருந்து உணர்த்துதலுக்குச் சென்ற பெருமை என்றிக்கே என்றீக்கசு அடிகளார்க்கு உரியது. 1520-இல் பிறந்து 1547-இல் இக்கரைக்கு வந்து 1600-இல் மறைந்த இவர், தம் வாழ்வின் பெரும்பகுதியைப் பரதவரிடையே கழித்தவர்; தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் இலக்கணம் வரைந்தவர். இவர்க்கு முன்னரே, 1554-இல், இலிசுபன் நகரில் தமிழ்ச் செபங்கள் உரோம எழுத்தில் போர்த்துக்கீசியத்தோடு அச்சாயின. ஆயினும் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் 1578-இல் கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கமே. அது 16 பக்கங்களே கொண்ட சிற்றேடு. அதனினும் எம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சாகிய கிரீசித்தியானி வணக்கம். மார்க்கோசு சோர்சே என்னும் இயேசு சபையார் போர்த்துகல் நாட்டுச் சிறுவர்க்கு உரையாடலாக எழுதிய நூலின் தமிழாக்கம் அது.

வினாவும் விடையுமாய் அமைந்த அந்நூலில் ஆசிரியனும் மாணாக்கனும் உரையாடுகின்றனர். விடையும் மனப்பாடத்துக்கே உரியதாயின் வினா வைத்ததனாற் பயன் என்னை எனச் சிலர் வினவலாம். பயன் உண்டு. செபத்தை ஓதுவோன் கடவுளை நோக்கி நிற்கின்றான்; வினாவுக்கு விடையிறுப்போன் ஒரு மனிதனை நோக்கி நிற்கின்றான். நீ யார், ஏன் இப்பெயர் பூண்டாய், இக்கட்டளை உன்னிடம் எதிர்பார்ப்பது யாது என அயலான் தெருவிற் கேட்கக்கூடிய வினாக்கட்கு அவ்விளைஞன் பள்ளியிலேயே பழகிக்கொள்கின்றான். தமிழ் உரைகாரரின் தடைவிடை மரபையும் இங்கு ஒப்புநோக்கலாம். ஆனால் உரைகாரரின் மாணாக்கன் தடை எழுப்புவான், கிரீசித்தியானி வணக்கத்தின் மாணாக்கனோ விடையே கூறுவான். வினா எழுப்பும் உரிமை மாணாக்கனுக்கு வழங்கப்படாமை அந்நூலின் எல்லை.

1580-இல் வெளிவந்த பாவசங்கீர்த்தன நூல் அடுத்த படி. கட்டளை ஒவ்வொன்றையும் தன் நடத்தையோடு ஒப்பிட்டுத் தன்னைத்தானே ஆராயப் பழக்குவது இவ்வகை நூல்களின் நோக்கம். அயலார் குற்றத்தை அறிவித்த சிறுவர் தலைமுறை முதிர்ந்து, தன் குற்றத்தை அறியும் கடமை ஏற்ற காலம் அது. 1586-இல் அச்சாகிய அடியார் வரலாறு கதைவழிக் கற்பித்தலை மேற்கொண்டது. இராசமாணிக்கம் அடிகளார் 1967-இல் இதனைப் பதிப்பித்தபின் உரைநடை ஆய்வாளர் கவனம் இதன்மேற் சென்றது. ஒழுக்க நூலாக அது இன்னும் ஆராயப்பெறவில்லை.

இராபர்ட்டு தெ நொபிலியின் ஞானோபதேச நூல்கள் கற்றோரை நோக்கியவை; இங்கு விரித்தல் வேண்டா. வீரமாமுனிவரின் வேதியர் ஒழுக்கம் உபதேசியார்க்கு எழுதப்பட்டதாயினும், கற்பிப்போன் ஒழுக்கமே கற்போன் பாடம் என்னும் அடிப்படையில் எழுந்தமையால் இவ்வரிசையிற் சேரும்.

1706-ஆம் ஆண்டு சூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு அப்போது 24 அகவையளவில் இருந்தார். சிறுவரோடு தரையிலமர்ந்து மணலில் எழுத்துக் கூட்டித் தமிழ் கற்ற அவர், அச்சிறுவர் ஓதிய நூல்களையும் கற்றார். 1708-இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் செருமானியத்தில் மொழிபெயர்த்தார். திண்ணைப் பள்ளியின் அறநூல்கள் கிறித்தவப் போதகர் ஒருவரின் மேசைமேல் ஏறிய நிகழ்ச்சி சிறியதன்று. தாய்தந்தையரைப் பேணல், பொய்யாமை, புறங்கூறாமை முதலியவற்றைக் கிறித்தவம் வருமுன்னரே இந்நாட்டுச் சிறுவர் மனப்பாடம் செய்துவந்தனர் என்பதை அவர் உணர்ந்தார். 1712 முதல் 1714 வரை தமிழர் பலரிடம் வினாக்கள் அனுப்பி மறுமொழி பெற்றபோது அவர்க்குக் கிடைத்தது மற்றொரு படிப்பினை. மறுமொழி எழுதியோர் கிறித்தவக் கோட்பாட்டைப் பழித்ததினும், ஐரோப்பியக் கிறித்தவரின் உணவையும் குடியையும் துப்புரவின்மையையும் ஒழுக்கக்கேட்டையுமே மிகுதியாகப் பழித்தனர். தரங்கம்பாடிப் பள்ளி மாணவன் ஞானோபதேசத்தை எத்துணைத் திருத்தமாக ஒப்புவிப்பினும், கோட்டையின் படைவீரர் குடித்துத் திரிந்தமையே ஊரார் கண்ட கிறித்தவமாக இருந்தது.

இம்மரபின் விளைவைத் தெளிவாகக் காட்டுபவர் தஞ்சை வேதநாயக சாத்திரியார். 1774-இல் திருநெல்வேலியிற் பிறந்த இவரைப் பன்னிரண்டு அகவையளவில் சுவார்ட்சு ஐயர் தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். பின்னாளில் மன்னராகிய இரண்டாம் சரபோசியும் சுவார்ட்சின் பராமரிப்பில் வளர்ந்தவர். சாத்திரியார் இளமையிலேயே ஆசிரியராகி, மாணவர்க்குத் தாமே பாடல் புனைந்தார். பெத்லகேம் குறவஞ்சி, ஞானத்தச்ச நாடகம், ஞான நொண்டி நாடகம் எனத் தெருவிலும் மேடையிலும் வழங்கிய வடிவங்களை எடுத்துக்கொண்டார். சவேரியார் மணியடித்துத் தெருவிலிருந்து சிறுவரை அழைத்தார்; சாத்திரியாரோ தெருவின் ஓசையையே கோயிலுக்குள் அழைத்துவந்தார். இதன் பயன் சாத்திரக் கும்மியில் தெளிவாகப் புலப்படும். சகுனம், நாள், கோள், பேய் என்பவற்றைப் பற்றிய நம்பிக்கைகளைக் கிறித்தவரிடையேயும் கண்டு நகையாடிய நூல் அது. கும்மி மகளிர் கைகொட்டிப் பாடும் வடிவம். அந்நம்பிக்கைகளை வீட்டில் காத்துவந்தோர் நாவிலேயே அவற்றின் மறுப்பையும் வைத்த திறன் பாராட்டற்குரியது.

ஆயினும் இச்சாத்திரியாரே 1820-களில் தஞ்சைச் சபையில் எழுந்த சாதிப் பூசலில் பழைய வழக்கத்தின் பக்கம் நின்றார். கோயிலில் சாதிவாரியாக அமரும் முறையையும் உணவு வேற்றுமையையும் நீக்க இளைய போதகர் முற்பட்டபோது, அவை உலக வழக்கமேயன்றிச் சமயத்துக்கு மாறானவை அல்ல என வாதிட்டுச் சாதியாசாரத்தின் பாவனை முதலியவற்றை எழுதினார். 1829-இல் பணியினின்றும் நீக்கப்பட்டார். சுவார்ட்சு முதலிய பழைய குருமார் பொறுத்த ஒன்றைப் புதியோர் ஒறுத்தனர் என்பது அவர் முறையீடு. அதில் உண்மையும் இருந்தது: நூறாண்டுக்கு மேலாக மிசன் பள்ளிகள் இவ்வேற்றுமையை ஒழிக்க முனையவில்லை. 1833-இல் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேற்றுமையை அறவே விடுமாறு ஆணையிட்டார். தஞ்சையிற் பலர் அவ்வாணையை ஏலாது சபையினின்றும் விலகினர்.

நாள், கோள் பார்த்தல் சமயத்துக்கு மாறு என அறிந்த கவிஞர்க்குப் பந்தி வேற்றுமை மாறாகத் தோன்றாமை ஏன்? கற்பிக்கப்பட்ட வினாவிடை ஏடுகளில் விக்கிரக வணக்கம் பற்றிய வினா இருந்தது. பந்தி பற்றிய வினா இல்லை. அயலான் ஒருவனை நோக்கி நிற்கப் பழகிய மாணாக்கன், தன்னினும் தாழ்ந்தவன் எனக் கருதப்பட்டவனை நோக்கி நிற்க எந்த ஏட்டிலும் பழக்கப்படவில்லை. சாத்திரியார் 1864-இல் மறைந்தார். அவர்தம் பாடல்களைச் சபையார் இருசாராரும் தொடர்ந்து பாடினர். சாதி பற்றிய அவர்தம் எழுத்துக்களோ பெரும்பாலும் ஏட்டளவில் தங்கிவிட்டன. அவ்விருவகை எழுத்துக்களையும் ஒருங்கே வைத்து ஆராயும் பணி எஞ்சியுள்ளது.