ஒற்றைக் கையின் இசை

கையிழந்தவன் வாத்தியம் வாசிப்பது எங்ஙனம் என்று கேட்போர் பலர். 1932-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் வியன்னா நகரில் நடந்த கச்சேரியொன்று அக்கேள்விக்கு விடையிறுத்தது. அவ்வரலாற்றையே நாம் ஈண்டு கூறப் புகுந்தோம்.

அன்று பியானோவின்முன் அமர்ந்தவர் பால் விட்கென்ஸ்டைன். 1887-இல் அந்நகரத்துப் பெருஞ்செல்வர் குடியிற் பிறந்து, 1913-இல் அரங்கேறியவர். மறு ஆண்டே மூண்ட மகாயுத்தத்தில், போலந்துப் போர்முனையில் காயமுற்று வலக்கரத்தை இழந்தார். ருஷ்யரிடம் சிறைப்பட்டுச் சைபீரியா சேர்ந்தார். அங்கே மரப்பெட்டியொன்றின்மீது கரியால் பியானோக் கட்டைகளை வரைந்து, ஓசையே எழாத அப்பெட்டியில் இடக்கை விரல்களைப் பழக்கினார்.

நாடு திரும்பியபின், இடக்கைக்கென்றே இசை இயற்றித் தருமாறு பெரும் புலவர் பலரைப் பொருள்கொடுத்து வேண்டினார். பிரெஞ்சு நாட்டு மாரிஸ் ராவேல் இயற்றிய 'கான்செர்ட்டோ'வே அன்று முதன்முதல் ஒலித்தது. கான்செர்ட்டோவாவது, பியானோ தலைமை தாங்க, பல்வகை வாத்தியங்கள் கூடிய பெருங்குழு அதனோடு எதிர்த்தும் இணைந்தும் இசைப்பது. இரு கையின் வேலையை ஒரு கை செய்வதெப்படி? தாழ்ந்த சுரத்தைத் தட்டியவுடன் கீழுள்ள மிதிகட்டையைக் காலால் அழுத்தினால், அவ்வொலி அடங்காது நிற்கும். அதற்குள் கை மேலே தாவி, கட்டைவிரலால் பண்ணை எழுப்பும்.

ஆயினும் விட்கென்ஸ்டைன் அவ்விசையைத் தம் விருப்பப்படி மாற்றி வாசித்தார், ராவேல் வெகுண்டார். ப்ரொகோபியெவ் 1931-இல் எழுதித் தந்ததை, விளங்கவில்லையென்று வாசிக்க மறுத்தார். ஹிண்டெமித் 1923-இல் எழுதியதையோ வெளியிடாது மறைத்தே வைத்தார். விலைகொடுத்தவனுக்கே இசை உரியது என எண்ணினார் போலும்!

காலம் வேறு தீர்ப்பளித்தது. இரண்டாம் மகாயுத்தத்தில் வலக்கரம் இழந்த சீக்பிரீட் ராப் என்னும் ஜெர்மானியர், ப்ரொகோபியெவின் இசையை 1956-இல் பெர்லினில் வாசித்தார். விட்கென்ஸ்டைன் 1961-இல் மறைந்தார். ஹிண்டெமித்தின் படைப்பும் 2004-இல் அதே பெர்லினில் அரங்கேறிற்று. வாசித்தவர் லியான் பிளெய்ஷர். நோயினால் வலக்கை பல்லாண்டு செயலற்றிருந்தவர்.

விட்கென்ஸ்டைனை நாம் பழிக்கவில்லை. அவர் கேட்டிராவிடின் இவ்விசைகள் பிறந்தேயிரா. தமக்கென்று மட்டும் அவர் வாங்கியது, அவரைப்போல் கை ஓய்ந்த பிறர்க்கும் உரியதாயிற்று என்பதே நாம் கருதத்தக்கது. பொருள் இசையைப் பிறப்பிக்கலாம்; அதனைப் பூட்டிவைத்தல் இயலாது.