கட்டுவதும் ஈடுகட்டுவதும்

செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில் வயிற்றுப்போக்கை "வயித்தால போவுது" என்பார்கள். அடுத்த பேச்சு பெரும்பாலும், "கட்டுறதுக்கு எதுனா மாத்திரை வாங்கியா" என்பதாக இருக்கும். போவதைக் கட்ட வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. சித்த வைத்தியர், கோட்டையின் ராணுவ மருத்துவர், மருந்துக்கடைக்காரர் என்று எல்லோரிடமும் நோயாளி கேட்டது இதைத்தான். கொடுக்கப்பட்டதும் இதுதான். அதற்கு எத்தனை உயிர் விலையாகப் போனது என்பது நெடுங்கதை.

செஞ்சி வட்டாரத்துத் தளவானூர் என்றதும் மகேந்திரவர்ம பல்லவன் 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த சத்ருமல்லேசுவரக் குடைவரையும் அதன் வாசலில் உள்ள மகர தோரணமும் நினைவுக்கு வரும். பல்லவனின் உளிக்கு இடம் கொடுத்த இந்தக் கருங்கல் பூமி தண்ணீரை உள்ளே வாங்குவதில்லை. பெய்த மழை பாறையில் வழிந்து ஏரிக்கும் குளத்துக்கும் சுனைக்கும் போகும். ஆளும் மாடும் ஒரே கரையில் இறங்கும் நீர் அது. கோடை முடிந்து முதல் மழை ஊர் அழுக்கையெல்லாம் அதில் கொண்டுபோய்ச் சேர்த்தால், அடுத்த வாரமே வயிறு கெடும்.

இதே பாறைக் கூட்டத்தில்தான் செஞ்சிக் கோட்டை எழுந்தது. ராஜகிரி உச்சிக்கும் நீர் வேண்டும், கீழே கல்யாண மகாலுக்கும் வேண்டும். மண்குழாய் பதித்து நீரை மேலேற்றும் அளவுக்கு அங்கே திறமை இருந்தது. மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டும் கோட்டை அத்தனை காலம் தாங்கியதில் இந்த நீர் ஏற்பாட்டுக்கும் பங்குண்டு. ஆனால் 1750இல் புஸ்ஸியின் தலைமையில் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்களுக்குச் செஞ்சி ஒத்துக்கொள்ளவில்லை. கர்நாடகத்திலேயே உடம்புக்கு ஆகாத இடம் இது என்று எழுதிய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம், ஒரே சமயத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் அங்கே வைக்காத பிரெஞ்சுக்காரர்கள் பத்தாண்டுகளில் 1200 பேரை இழந்ததாகச் சொல்கிறார். அந்நாளைய பாசறைகளில் பீரங்கியைவிடக் காய்ச்சலும் சீதபேதியும்தான் அதிகம் பேரைக் கொன்றன. பழியைக் காற்றின்மேல் போட்டார்கள். குடித்த தண்ணீரைச் சந்தேகிக்க இன்னும் நூறாண்டு ஆகவேண்டியிருந்தது.

அந்தக் காலத்து மருத்துவர் பெட்டியில் பேதிக்கென்று இருந்த முக்கிய மருந்து அபின். அது குடலின் அசைவை மந்தமாக்கும். போவது நிற்கும், வலியும் அடங்கும். நோயாளிக்கு நிம்மதி, வைத்தியருக்குப் பெயர். 1817இல் வங்கத்தில் வெடித்த காலரா அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தை எட்டியபோதும், அபின் கரைசலோடு ரத்தம் வடித்து விடும் வைத்தியம்தான் நடந்தது. உடம்பிலுள்ள நீரெல்லாம் வற்றிக் கிடப்பவரின் ரத்தத்தையும் எடுத்தார்கள்! 1848இல் இந்தியாவில் பணியாற்றிய ராணுவ மருத்துவர் காலிஸ் பிரவுன், அபினோடு குளோரோபார்மும் கஞ்சாவும் கலந்து 'குளோரோடைன்' செய்தார். காலராவுக்கென்று பிறந்த அந்தப் புட்டி பிறகு எல்லா வயிற்றுக்கோளாறுக்கும் வீட்டு மருந்தாகிவிட்டது.

அபின் போனாலும் அதன் வேலை போகவில்லை. 1969இல் பெல்ஜியத்தில் உருவான லோபெரமைடு அபினின் தூரத்து உறவுதான். குடலை மந்தமாக்கும், வழக்கமான அளவில் மூளைக்கு ஏறாது. அதனால் பாதுகாப்பானது என்று பெயர் வாங்கியது. பெரியவர்களுக்குச் சாதாரணப் பேதியில் இரண்டொரு நாள் அது உதவவும் செய்கிறது. குழந்தைகளின் கதை வேறு. 1990இல் பாகிஸ்தானின் முல்தானில், இதன் சொட்டு மருந்து கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகள் குடல் அசைவு நின்று, வயிறு உப்பி இறந்தார்கள். அதன்பின் அந்தச் சொட்டு மருந்து அந்நாட்டுச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ரத்தமும் காய்ச்சலுமாகப் பேதி போகும்போது பெரியவர்களும் இதைத் தொடக் கூடாது. வெளியேற வேண்டிய கிருமியும் நஞ்சும் உள்ளேயே தங்கிவிடும். அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்று 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

கிளியோகுவினால் தந்த பாடம் இதைவிடக் கொடியது. வயிற்றுப்போக்குக்கு வீடுதோறும் விழுங்கப்பட்ட இந்த மாத்திரையால் ஜப்பானில் சுமார் பத்தாயிரம் பேருக்கு நரம்பு பாதித்தது. கால் மரத்தது, சிலருக்குப் பார்வையே போனது. 1970இல் ஜப்பான் விற்பனையை நிறுத்தியது. இந்தியக் கடைகளில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கிடைத்தது.

இந்த வரலாற்றைத் திருப்பிப் போட்டவர்கள் கட்டுவதை விட்டு ஈடுகட்டுவதைப் பிடித்துக்கொண்டார்கள். பேதியில் உயிர் போவதற்குப் பெரும்பாலும் காரணம் உடம்பு இழக்கும் நீரும் உப்பும்தான். 1953இல் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, காலரா நோயாளிகளுக்கு வாய்வழியே உப்பு–குளுக்கோஸ் நீர் கொடுத்துப் பலன் கண்டதை 'லான்செட்' இதழில் எழுதினார். உலகம் கண்டுகொள்ளவில்லை. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த பங்காவ் முகாமில் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனதும், திலீப் மஹலானபிஸ் குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சமையல் சோடா மூன்றையும் நீரில் கரைத்துப் பீப்பாய்களில் வைத்தார். தாயும் தங்கையும் கோப்பையில் மொண்டு நோயாளிக்குப் புகட்டினார்கள். முப்பது சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு 3.6 சதவீதமாக இறங்கியது.

வேலூருக்கும் இதில் பங்குண்டு. சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தை உப்பு–சர்க்கரைக் கரைசலில் சேர்த்தால் காலராப் பேதி சீக்கிரம் குறைவதை, கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்டார்கள். பெருங்குடல் கிருமிகள் அந்த மாவை நொதிக்கவைக்க, உருவாகும் அமிலங்கள் உப்பையும் நீரையும் குடலிலிருந்து உடம்புக்குள் இழுக்கின்றன. பேதிக்காரருக்கு உப்புப் போட்ட கஞ்சி கொடுத்த வீடுகள், காரணம் தெரியாமலே நல்ல திசையில்தான் நடந்திருக்கின்றன.

இன்று கிராம சுகாதார செவிலியர் கையில் இருப்பது ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு–சர்க்கரைப் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரிலேயே கரைக்க வேண்டும். பாதி டம்ளரில் கலந்தால் உப்பு மிஞ்சிவிடும். சர்க்கரை அதிகமுள்ள பானங்கள் இதே பெயரில் கடையில் தொங்கியதால், 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அவற்றின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' வரக் கூடாது என்று உத்தரவிட்டது. மிகுந்த சர்க்கரை, குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். துத்தநாக மாத்திரையைக் குழந்தைக்குப் பத்து முதல் பதினான்கு நாள் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே பேதி நின்றுவிட்டால் பல வீடுகளில் பட்டையை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்குப் பேதி திரும்பாமல் காப்பது அந்த மீதி மாத்திரைகள்தான்.