39 காய்ச்சலா, 103 காய்ச்சலா?

கடந்த மாரியில் ஓரிரவு, நெளுக்குளத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா காய்ச்சலோடு இருந்த மகனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "தம்பி, கனடாவில இருந்து தங்கச்சி அனுப்பின மெசின் 39.5 எண்டு காட்டுது. முகாமில இருக்கேக்க நூறைத் தாண்டினாத்தான் காய்ச்சல் எண்டு சொன்னவை. அப்ப இது குறைவுதானே?" என்று கேட்டார். பிள்ளையின் நெற்றி கொதித்தது. அந்த எண்ணை நம்பி, பின்னேரம் முழுவதும் மருந்து கொடுக்காமல் இருந்திருக்கிறார்.

முகாமில் அவர் கேட்ட நூறு பரனைற் அளவு. கையில் இருந்த கருவி காட்டியது செல்சியஸ். 39.5 பாகை செல்சியஸ் என்பது 103.1 பாகை பரனைற். கடும் காய்ச்சல்.

ஒரே சூட்டுக்கு ஏன் இரண்டு எண்கள்? தண்ணீர் உறையும் இடத்துக்கும் கொதிக்கும் இடத்துக்கும் இடையிலான தூரத்தை செல்சியஸ் 100 பங்காகப் பிரிக்கிறது. பரனைற் அதே தூரத்தை 180 பங்காகப் பிரிக்கிறது. உறையும் இடத்தை 0 என்று வைக்காமல் 32 என்று வைக்கிறது. ஆகவே செல்சியஸ் எண்ணை 1.8ஆல் பெருக்கி 32ஐக் கூட்டினால் பரனைற். 1742இல் சுவீடன் நாட்டு வானியலாளர் அண்டர்ஸ் செல்சியஸ் கொதிநிலையை 0 என்றும் உறைநிலையை 100 என்றும்தான் முதலில் வைத்தார். பிறகுதான் அது தலைகீழாக மாற்றப்பட்டது.

நடுச்சாமத்தில் 1.8ஆல் பெருக்க யாருக்கும் மனம் ஓடாது. நான் செய்வது இதுதான்: எண்ணை இரட்டிப்பாக்குங்கள், வருவதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், 32ஐக் கூட்டுங்கள். 39.5இன் இரட்டிப்பு 79. அதில் 7.9 போனால் 71.1. 32 சேர்த்தால் 103.1. மறுபக்கம் போக, முதலில் 32ஐக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்கி, அந்தப் பாதியின் பத்திலொன்றைக் கூட்டுங்கள். 104இல் 32 போக 72, பாதி 36, அதோடு 3.6 சேர்த்தால் 39.6. சரியான விடை 40. மிகச் சிறிய வித்தியாசந்தான்.

பலர் தவறுவது இன்னோர் இடத்தில். "காய்ச்சல் ஒரு பாகை செல்சியஸ் இறங்கிவிட்டது" என்றால் அது 1.8 பாகை பரனைற் இறக்கம். இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் 32ஐக் கூட்டக்கூடாது.

மனதில் வைக்க மூன்று சோடிகள் போதும்: 37க்கு 98.6, 38க்கு 100.4, 40க்கு 104. அந்த 98.6இல் உள்ள தசமத்தைப் பார்த்து மிக நுட்பமான அளவு என்று மயங்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மன் மருத்துவர் வுண்டர்லிக் சொன்ன 37ஐப் பரனைற்றுக்கு மாற்றியபோது வந்த தசமம் அது. நலமாக உள்ளவரின் சூடு காலையில் சற்றுக் குறைவாகவும் பின்னேரத்தில் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். 38 செல்சியஸைத் தொட்டால் காய்ச்சல். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 காட்டினால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாரிக்காலத்தில் டெங்குப் பயமும் உண்டு. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான கட்டம் தொடங்கும் நேரமாக இருக்கலாம். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக்கசிவு, சோர்வு இருந்தால் கருவி 37.5 காட்டுகிறதே என்று வீட்டில் இருக்கக்கூடாது. பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுரூபன் கொடுக்கவும் கூடாது.

பல டிஜிட்டல் வெப்பமானிகளில் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அளவு மாறிவிடும். பிள்ளைகள் விளையாடிய கருவி நேற்று ஒன்றும் இன்று வேறொன்றும் காட்டலாம். எண்ணுக்குப் பக்கத்தில் 'சி' எழுத்தா 'எஃப்' எழுத்தா என்று முதலில் பாருங்கள்.

அன்றிரவே பிள்ளையை ஓட்டோவில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். இப்போது அக்கா ஒரு கொப்பியில் நேரம், எண், எழுத்து மூன்றையும் சேர்த்தே குறித்து வைக்கிறார்.