பாலாற்றங்கரையில் ஒரு தொகுதிக் கோடு

1812-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி, தன் கட்சிக்குச் சாதகமாக வளைத்து நெளித்து வரைந்த தொகுதிகளுக்குக் கையெழுத்துப் போட்டார். அதில் ஒன்று பல்லி போன்ற சாலமாண்டர் உருவத்தில் இருந்ததாகப் பத்திரிகைகள் கேலி செய்தன. இரண்டு பெயரும் சேர்ந்து 'ஜெர்ரிமாண்டர்' பிறந்தது.

இந்தியாவில் கோடு போடுவது ஆளுங்கட்சி அல்ல, தனி ஆணையம். 2002-ம் வருடச் சட்டப்படி நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் அமைந்த ஆணையத்தில், மாநிலத்துக்கு 5 எம்.பி.க்களும் 5 எம்.எல்.ஏ.க்களும் உட்காரலாம், பேசலாம். ஓட்டு மட்டும் கிடையாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கோடு சரியில்லை என்றால் யாரிடம் போவது?

நம் தோல் தொழில் ஊர்களையே பாருங்கள். 2008-ல் அமலுக்கு வந்த மறுசீரமைப்பில் திருப்பத்தூர் எம்.பி. தொகுதி மறைந்தது. அதிலிருந்த வாணியம்பாடி வேலூருக்கு வந்தது. மீண்டும் உருவான ஆம்பூர் சட்டமன்றத் தொகுதியும் வேலூரோடு சேர்ந்தது. ஆனால் வேலூருக்கு எதிரே, பாலாற்றின் மறுகரையில் இருக்கும் காட்பாடி அரக்கோணத்துக்குப் போனது. (வேலூர்க்காரர்கள் சென்னைக்கு ரயிலேறுவதே காட்பாடியில்தான்!) வேலூருக்குக் கிழக்கே சென்னை சாலையில் இருக்கும் மேல்விஷாரம், முன்பு போலவே அரக்கோணத்தில் நின்றுவிட்டது. அதே தோல் தொழில், அதே பாலாறு, அதே கழிவுநீர்ப் பிரச்சினை. ஆனால் ஆம்பூருக்கு ஒரு எம்.பி., மேல்விஷாரத்துக்கு வேறொரு எம்.பி.

இது வெறும் வரைபட விஷயம் இல்லை. பணப்பட்டுவாடா புகாரில் ரத்தாகி, 2019 ஆகஸ்டில் நடந்த வேலூர் தேர்தலில் கதிர் ஆனந்த் ஜெயித்தது 8,141 ஓட்டில். கே.வி.குப்பம், குடியாத்தம், அணைக்கட்டு மூன்றிலும் ஏ.சி.சண்முகம்தான் முன்னிலை. அதை ஈடுகட்டியவை வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர். காட்பாடி உள்ளேயும் வாணியம்பாடி வெளியேயும் இருந்திருந்தால்?

இதையெல்லாம் கோர்ட்டில் கேட்க முடியாது என்பதே நீண்டகாலம் சட்டமாக இருந்தது. உஜ்ஜயினி தனித்தொகுதி ஆக்கப்பட்டதை எதிர்த்து மேகராஜ் கோத்தாரி போட்ட வழக்கில், 1966-ல் உச்சநீதிமன்றம் கைவிரித்தது. அரசிதழில் வந்துவிட்டால் அது சட்டம், அரசியலமைப்பின் 329-ம் பிரிவு வழக்கைத் தடுக்கிறது என்றது. ஆளாளுக்கு வழக்குப் போட்டால் தேர்தலே நடக்காது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காகக் கதவையே பூட்டுவதா?

குஜராத்தின் பர்டோலி தொகுதி வழக்கில் 2024-ல்தான் பூட்டு கொஞ்சம் தளர்ந்தது. மறுசீரமைப்பு உத்தரவு அப்பட்டமாகத் தன்னிச்சையாக, அரசியலமைப்பின் விழுமியங்களுக்கு முரணாக இருந்தால், நீதிமன்றம் தலையிடலாம் என்றது உச்சநீதிமன்றம்.