களவும் நம்பிக்கையும்: ஆரம்பகாலக் கணினிச் சமூகங்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு செயல் எப்பொழுது களவாகின்றது என்னும் வினா பெரும்பாலும் ஒழுக்கவியல் வினாவாகவே எழுப்பப்படுகின்றது. ஆயின் அது அடிப்படையில் ஒரு வரலாற்று வினாவாகும். ரைன் மாகாண சபையில் நிகழ்ந்த விறகுக் களவுச் சட்ட விவாதம் பற்றி 1842 ஆம் ஆண்டில் மார்க்ஸ் எழுதிய கட்டுரைகள் இதனையே எடுத்துக்காட்டின. காட்டில் உதிர்ந்து கிடந்த சுள்ளிகளைப் பொறுக்குதல் ஏழைகளின் வழக்காற்று உரிமையாக இருந்தது. காட்டுமரம் விற்பனைப் பண்டமாகியதும் அதே செயல் களவெனப் பெயர்பெற்றது. பொறுக்கியவரின் கைகள் மாறவில்லை; உடைமை உறவே மாறியது.

மென்பொருட் களவு என இன்று வழங்கும் தொடரும் இத்தகைய வரலாறு ஒன்றினை உடையது. அச்சுரிமை பெறாது நூல் பதிப்பித்தோரைக் கடற்கொள்ளையர் என வசைபாடும் வழக்கம் ஆங்கிலப் பதிப்புத் தொழிலில் பதினேழாம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. அவ்வசை கணினி உலகிற்குக் குடிபெயர்ந்தபோது, அதுவரை அங்கு நிலவிய ஒருவகைச் சமூக உறவையும் குற்றமெனச் சுட்டலாயிற்று. 1975 இற்கும் 1997 இற்கும் இடைப்பட்ட காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் கணினி ஆர்வலரிடையே பிரதி செய்தலும் பரஸ்பர நம்பிக்கையும் எவ்வாறு பிணைந்திருந்தன, அப்பிணைப்பு எவ்வாறு சிதைந்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

மென்பொருள் தொடக்கத்திலேயே தனிப்பண்டமாக இருக்கவில்லை என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். ஐ.பி.எம். நிறுவனம் 1969 ஆம் ஆண்டுவரை மென்பொருளுக்கெனப் பெரும்பாலும் தனிவிலை அறவிடவில்லை. அது இயந்திரத்தோடு சேர்ந்தே வந்தது. பயன்படுத்துவோர் தாம் எழுதிய கட்டளைத் தொகுதிகளைத் தம்முள் பரிமாறிக்கொள்ள 1955 இலேயே சங்கம் அமைத்திருந்தனர். பரிமாறுதல் அத்துறையின் இயல்பான தொழில்முறையாக இருந்தது.

1975 ஜனவரியில் அல்ரெயர் 8800 என்னும் சிறுகணினி விளம்பரமாகியதும் நிலைமை மாறத் தொடங்கியது. அவ்வாண்டு மார்ச் 5 ஆந் திகதி கலிபோர்ணியாவின் மென்லோ பார்க்கில், ஒரு வீட்டின் வாகனக் கொட்டகையிலே ஹோம்ப்றூ கொம்பியூட்டர் கிளப் கூடிற்று. அதனைத் தொடக்கியவர்களுள் ஒருவரான பிரெட் மூர் போரெதிர்ப்பு இயக்கத்திலிருந்து வந்தவர். அறிந்ததைப் பகிர்தலே அங்கு உறுப்புரிமையின் பொருளாக இருந்தது.

அல்ரெயருக்கான பேசிக் மொழியை பில் கேற்ஸ், போல் அலன், மொன்ரி டேவிடொவ் ஆகியோர் எழுதினர். தனித்து வாங்குவோருக்கு அதன் விலை 500 டொலர். நினைவகப் பலகையையும் சேர்த்து வாங்கினால் மிகக் குறைவு. அப்பலகைகளோ பழுதுடையன என ஆர்வலர் குறைகூறினர். முன்பணம் செலுத்திய பலர் காத்துக்கிடந்தனர். இந்நிலையில் 1975 இல் பாலோ அல்ரோவில் நடந்த கண்காட்சியொன்றில் அம்மொழியைத் தாங்கிய துளைநாடா ஒன்று கைமாறிற்று. அதன் பிரதிகள் கிளப் கூட்டத்தில் வழங்கப்பட்டன. ஒன்றை எடுத்துச் செல்பவர் இரண்டு கொண்டுவர வேண்டும் என்பதே நிபந்தனையாக இருந்ததாகக் கூறுவர். எடுத்தவர் மேலுங் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்னும் நியதி அதிலே தெளிவாகத் தெரிகின்றது.

1976 பெப்ரவரி 3 எனத் திகதியிட்டு கேற்ஸ் ஆர்வலருக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் இதனைக் களவென்றது. அல்ரெயர் வைத்திருப்போருள் பத்திலொரு பங்கினருங்கூடப் பேசிக் மொழியை விலைக்கு வாங்கவில்லை, தம் உழைப்புக்கு மணித்தியாலத்திற்கு இரண்டு டொலரேனும் கிட்டவில்லை என அவர் முறையிட்டார். இம்முறையீட்டை நாம் எளிதில் ஒதுக்கிவிடலாகாது. உழைப்புக்கு யார் ஊதியம் தருவது என்னும் வினா நியாயமானது. ஆனால் அதே கடிதம் 40,000 டொலருக்கு மேற்பட்ட கணினி நேரம் பயன்பட்டதாகவும் கூறுகின்றது. அந்த நேரம் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிதியில் இயங்கிய ஹாவாட் பல்கலைக்கழகக் கணினிக்குரியது. பேசிக் மொழியோ 1964 இல் டாட்மவுத் கல்லூரியில் கெமெனி, குர்ற்ஸ் ஆகிய இரு பேராசிரியர்கள் மாணவருக்காக உருவாக்கியது. உற்பத்தி சமூகத்தினது, சுவீகரிப்புத் தனியாரது. இம்முரண்பாட்டைக் கடிதம் தொடவில்லை.

விலை கொடுக்க மறுப்பதே ஆர்வலரின் இயல்பு என்னும் முடிவும் பொருந்தாது. டொம் பிற்மன் என்பார் தமது சிறிய பேசிக் மொழியை ஐந்து டொலருக்கு விற்றபோது வாங்கியோர் பணஞ் செலுத்தினர். பயன்படுத்துவோர் நியாயமெனக் கண்ட விலையில், அவர்களுள் ஒருவராக நின்று விற்றவரை அவர்கள் ஏமாற்ற விரும்பவில்லை.

எனினும் இச்சமூகத்தைப் பொற்காலமாகக் காண்பதும் தவறு. உறுப்பினரிற் பலர் மின்னியல் தொழிற்றுறையிற் சம்பளம் பெற்ற பொறியியலாளர். அவர்களது கொடையைத் தாங்கி நின்றது கூலி உறவே. ஸ்ரீவ் வொஸ்னியாக் தமது கணினியின் வரைபடங்களை இதே கிளப்பில் இலவசமாக வழங்கினார். 1976 ஏப்ரலில் அதே கணினியை விற்பதற்கு அப்பிள் கம்பனி பிறந்தது. பண்டமாக்கம் வெளியிலிருந்து வந்த படையெடுப்பு மட்டுமன்று, உள்ளிருந்தும் முளைத்தது.

2

முகமறிந்தோரின் கூட்டத்திலிருந்து முகமறியாதோரின் சமூகத்திற்கு மாறியமை இவ்வரலாற்றின் அடுத்த கட்டமாகும். வோட் கிறிஸ்ரென்சன், ரன்டி சூஸ் ஆகிய இருவரும் சிக்காகோவில் அமைத்த முதலாவது கணினி அறிவித்தற் பலகை 1978 பெப்ரவரி 16 இல் இயங்கத் தொடங்கியது. தொலைபேசி வழியே ஒரு வேளையில் ஒருவரே அதனுடன் தொடர்பு கொள்ளலாம். அடுத்த பத்தாண்டில் இத்தகைய பலகைகள் எங்கும் பல்கின. பெரும்பாலானவற்றைத் தனியாள் ஒருவர் தம் வீட்டிலே, தம் செலவிலே நடத்தினார்.

கோப்புகளைத் தொலைபேசிவழி அனுப்புதற்கென கிறிஸ்ரென்சன் 1977 இல் வகுத்த முறை எக்ஸ்மோடம் எனப்பட்டது. அதனையும் அவர் பொதுவுடைமையாகவே விட்டார். கோப்பு 128 பைற்றுகள் கொண்ட துண்டுகளாகச் செல்லும். ஒவ்வொரு துண்டோடும் ஒரு கூட்டுத்தொகை செல்லும். தொகை பொருந்தாவிடின் அத்துண்டு மீண்டும் அனுப்பப்படும். துண்டு பழுதின்றி வந்ததா என்பதை எண்கணிதம் உறுதிசெய்தது. வந்த பொருள் நன்மையானதா, அனுப்பியவர் நேர்மையானவரா என்பனவற்றை எந்தக் கூட்டுத்தொகையும் உறுதிசெய்யவில்லை. அவ்விடத்தை மனித உறவே நிரப்ப வேண்டியிருந்தது.

இந்நம்பிக்கையையே விநியோக முறையாக்க முனைந்தனர் சிலர். 1982 இல் அன்ட்றூ புளூகல்மன், ஜிம் நொப் ஆகியோர் தம் மென்பொருளைத் தாராளமாகப் பிரதிசெய்ய அனுமதித்து, பயன் கண்டோர் பணம் அனுப்புமாறு வேண்டினர். மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் ஆரம்பகால ஊழியரான பொப் வொலஸ் 1983 இல் ஒருபடி மேலே சென்றார். பதிவு செய்தவர் வழங்கிய பிரதியைப் பெற்றவரும் பதிவு செய்தால் முன்னவருக்குத் தரகுப்பணம் உண்டு என அறிவித்தார். கேற்ஸின் கடிதம் களவென்று கண்டித்த அதே செயல் இங்கு விற்பனை முகவரின் வேலையாயிற்று. செயலுக்குப் பெயரிடுவது உடைமை உறவே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

3

தடைசெய்யப்பட்ட பிரதிகளையே வழங்கிய பலகைகளும் இருந்தன. அங்கு நம்பிக்கை தளரவில்லை, மாறாக இறுகிற்று. புதியவர் ஒருவர் நுழைவதற்குப் பழையவர் சான்றுரைக்க வேண்டும். வேறு பலகைகளில் அவர் பெற்றிருந்த பெயர் விசாரிக்கப்படும். பிரதித் தடையை உடைத்தோர் தம் புனைபெயரை மென்பொருளின் முகப்பிலே பொறித்தனர். ஆக்கியோன் பெயரை மீறியவர்கள் உடைத்தோன் பெயருக்குப் பெருமதிப்புத் தந்தமை இலக்கிய மாணவருக்குச் சுவையான முரண்.

இதனினும் முக்கியமானது விகித முறையாகும். இத்தனை அளவு கோப்புகளைப் பெறுவதற்கு இத்தனை அளவு கொடுக்க வேண்டும் எனப் பல பலகைகள் கணக்கு வைத்தன. துளைநாடா ஒன்றுக்கு இரண்டு என்னும் பழைய நியதியின் தொடர்ச்சி போல இது தோன்றலாம். ஆனால் முன்னையது கடமை, பின்னையது கணக்கு. பயன் பெறுமதி பின்னொதுங்க, பரிமாற்றப் பெறுமதி முன்வந்தது. தமக்கு வேண்டாத மென்பொருளையும் புதுமைக்காகச் சேர்ப்போர் தோன்றினர். சந்தையை மீறியவரிடையே சந்தையின் தர்க்கம் மறுபிறப்பெடுத்தது.

பலகைகளைக் காக்க 1985 இல் ஒரு தன்னார்வலர் தொகுக்கத் தொடங்கிய எச்சரிக்கைப் பட்டியலும் கருதத்தக்கது. பயனுள்ள மென்பொருளாக நடித்துத் தரவுகளை அழிப்பனவற்றையும், இலவசமெனப் பெயர்மாற்றி உலவிய வணிக மென்பொருள்களையும் அது ஒருங்கே பட்டியலிட்டது. பயன்படுத்துவோரை ஏமாற்றுதலும் பலகை நடத்துபவரைச் சட்டச் சிக்கலில் மாட்டுதலும் அதன் பார்வையில் ஒரே வகையான நம்பிக்கைத் துரோகங்கள்.

சமூகத்தின் தீர்ப்பு எப்பொழுதும் நியாயமாக இருந்ததுமில்லை. கோப்புகளைச் சுருக்கும் ஆர்க் மென்பொருளின் உரிமையாளர் 1988 இல் பில் கற்ஸ் மீது வழக்குத் தொடர்ந்தபோது, எளியவரை நசுக்கும் பெருங்கம்பனி எனப் பலகைகளில் அவர்கள்மீது சினம் மூண்டது. உண்மையில் வழக்காடியதும் ஒரு சிறு நிறுவனமே. வழக்கு இணக்கமாக முடிந்தது; 1989 இல் கற்ஸ் வெளியிட்ட சிப் வடிவம் பழையதை அகற்றிற்று. ஏகபோகத்தின்மீதிருந்த நியாயமான வெறுப்பு இங்கு தவறான இலக்கின்மீது பாய்ந்தது.

4

இறுதித் தீர்ப்பைச் சட்டம் எழுதியது. 1994 இல் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவன மாணவர் ஒருவர், பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பெறுமதியுடையனவெனக் கூறப்பட்ட மென்பொருள்களைப் பிறர் இலவசமாகப் பெற வழிசெய்தார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டார். அவர் ஆதாயம் எதுவும் பெறவில்லை. அப்போதைய பதிப்புரிமைச் சட்டம் ஆதாய நோக்கையே குற்றவியலுக்கு அடிப்படையாகக் கொண்டிருந்தது, வழக்குத் தள்ளுபடியாயிற்று. 1997 இல் இவ்விடைவெளி அடைக்கப்பட்டது. பதிப்புரிமையுள்ள வேறு ஆக்கங்களைப் பதிலாகப் பெறுவதும், பெற எதிர்பார்ப்பதுங்கூட நிதி ஆதாயமே எனப் புதிய சட்டம் வரையறுத்தது.

இவ்வரையறையின் உட்கிடை ஆழமானது. கைம்மாறு என்பது கொடை உறவாகாது. அது மறைமுக வாணிபமே எனச் சட்டம் கூறிவிட்டது. பண்டப் பரிமாற்றத்திற்கு வெளியே மனிதர் ஒருவருக்கொருவர் கொடுத்து வாழக்கூடும் என்பதையே அது ஏற்க மறுத்தது. விகிதக் கணக்கு வைத்த பலகைகள் தம்மையறியாமலே இத்தீர்ப்புக்குச் சாட்சியம் தயாரித்திருந்தன.

ஆயினும் பிறிதொரு வழியும் திறந்திருந்தது. றிச்சட் ஸ்ரோல்மன் 1983 இல் அறிவித்த திட்டமும், 1989 இல் வெளியான அதன் பொது உரிமமும் பதிப்புரிமைச் சட்டத்தையே கருவியாக்கின. பெற்றவர் தாம் பெற்ற அதே உரிமையுடனேயே பிறருக்கு வழங்க வேண்டும் என விதித்தன. வாகனக் கொட்டகையின் நியதி இவ்வாறு சட்ட வடிவம் பெற்றது. அவ்வடிவமும் உழைப்போனுக்குச் சோறிடுவது யார் என்னும் வினாவுக்கு விடை தரவில்லை.

நம்பிக்கை தனிமனித நற்குணமன்று. அது ஒரு சமூக உறவு. அதனைத் தாங்கும் பொருளாதார அடித்தளம் இல்லாதவிடத்து அது ஒன்றில் கணக்காகச் சுருங்கும், அன்றேல் குற்றமாகப் பெயர்பெறும். பிரதிசெய்தோரைக் கள்வரெனப் பழிப்பதோ வீரரெனப் போற்றுவதோ ஆய்வாகாது. கூட்டாக ஆக்கப்பட்டதைக் கூட்டாக நுகர்வதும், ஆக்கியவர் பட்டினியின்றி வாழ்வதும் ஒருங்கே இயலும் உற்பத்தி உறவு எது என்பதே அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற வினா.