காம்பினேஷன் ஸ்பேனர்

காம்பினேஷன் ஸ்பேனர் என்பது ஒரு முனையில் திறந்த வாயும் மறு முனையில் மூடிய வளையமும் கொண்ட கைக்கருவி ஆகும். நட்டு, போல்ட்டு ஆகியவற்றை முடுக்கவும் கழற்றவும் இது பயன்படுகிறது. இரு முனைகளும் பொதுவாக ஒரே அளவினவாக இருக்கும். திறந்த வாய் தளர்ந்த நட்டை விரைந்து சுழற்றுவதற்கும், வளையம் இறுகிய நட்டை நெகிழ்த்துவதற்கும் கடைசி முடுக்கத்திற்கும் உரியவை. அமெரிக்காவில் இதனை ரெஞ்ச் என்பர். இந்தியா, இலங்கை, பிரித்தானியா ஆகிய நாடுகளில் ஸ்பேனர் என்பதே வழக்கு.

இக்கருவியில் பல வகைகள் உள்ளன. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் பயன்பாட்டில் அவை பெரிதும் வேறுபடுகின்றன. நீலகிரி மாவட்டம், கூடலூர் வட்டத்திலுள்ள தேவர்சோலை போன்ற மழை மிகுந்த தேயிலைப் பகுதிகளில் இவ்வேறுபாடு தெளிவாக வெளிப்படுகிறது.

அமைப்பும் இயங்கும் முறையும்

ஆறுபட்டை நட்டில் ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு 60 பாகை. எனவே நேரான வாய் கொண்ட ஸ்பேனரை ஒவ்வொரு முறையும் 60 பாகை திருப்பினால்தான் அடுத்த பட்டையைப் பிடிக்க இயலும். இயந்திரத்தின் இடுக்குகளில் இதற்கு இடம் இருப்பதில்லை. இதற்காகவே திறந்த வாய் தண்டிலிருந்து 15 பாகை சாய்வாக அமைக்கப்படுகிறது. ஒரு முறை திருப்பியபின் ஸ்பேனரைப் புரட்டிப் போட்டால் 30 பாகை இடமே போதுமானது. புதிதாகத் தொழில் பழகுவோர் பலர் இந்தச் சாய்வைச் செய்பிழை என்று எண்ணுவதுண்டு.

திறந்த வாய் நட்டின் எதிரெதிரான இரண்டு பட்டைகளை மட்டுமே பற்றுகிறது. விசை கூடும்போது அந்த விசை முழுவதும் இரண்டு முனைகளின்மேல் விழும். வாயின் இரு தாடைகளும் சற்றே விரிய முற்படும். வளையமோ நட்டைச் சுற்றிலும் அணைத்து, ஆறு முனைகளிலும் விசையைப் பகிர்கிறது. அது விரிவதற்கு வழியில்லை. பன்னாட்டுத் தர அமைப்பின் சோதனை விதிகளும் ஒரே அளவுள்ள திறந்த வாயைக் காட்டிலும் வளையம் மிகுதியான முறுக்கு விசையைத் தாங்க வேண்டும் எனக் கேட்கின்றன.

வரலாறு

திறந்த வாய் ஸ்பேனரும் வளைய ஸ்பேனரும் நெடுங்காலம் தனித்தனிக் கருவிகளாகவே இருந்தன. இரண்டையும் ஒரே தண்டில் இணைத்த இன்றைய வடிவம் 1930களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலிருந்த புளோம் கருவி நிறுவனத்தால் சந்தைக்குக் கொண்டுவரப்பட்டது. அந்நிறுவனத்தின் கருவிகள் பின்னர் புரோட்டோ என்ற பெயரில் விற்பனையாயின. 1960களில் ஸ்னாப்-ஆன் நிறுவனம், நட்டின் முனையைத் தொடாமல் முனைக்குச் சற்று உள்ளே பட்டையின்மேல் அழுத்தும் வகையில் வளையத்தின் உட்புறத்தை மாற்றியமைத்தது. அதன் காப்புரிமைக் காலம் முடிந்தபின் பல நிறுவனங்களும் இவ்வடிவத்தைக் கைக்கொண்டன.

இந்தியாவில் பஞ்சாபின் ஜலந்தர், லூதியானா நகரங்கள் கைக்கருவித் தொழிலின் மையங்கள். சுவீடனின் பாக்கோ நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் தொடங்கிய தபாரியா நிறுவனத்தின் ஆலை மகாராட்டிரத்தின் நாசிக்கில் உள்ளது.

ஆறு முனை, பன்னிரு முனை வளையங்கள்

வளையத்தின் உட்புறம் ஆறு மூலைகளுடனோ பன்னிரண்டு மூலைகளுடனோ அமையலாம். பன்னிரு முனை வளையத்தை 30 பாகைக்கு ஒரு முறை மாற்றிப் பொருத்தலாம். ஆறு முனை வளையத்திற்கு 60 பாகை தேவை. இடுக்கான இடங்களில் முன்னதே வசதி. கடைகளில் கிடைக்கும் காம்பினேஷன் ஸ்பேனர்களுள் பெரும்பாலானவை பன்னிரு முனை கொண்டவையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் பன்னிரு முனை வளையம் நட்டின் முனைக்கு மிக அருகில் பற்றுகிறது. நட்டு புதியதாயின் இதனால் கேடில்லை. துருப்பிடித்துத் தேய்ந்து முனை ஏற்கெனவே மழுங்கிய நட்டில் அந்தச் சிறு பிடியும் நழுவிவிடும். ஆறு முனை வளையம் பட்டையில் கூடுதல் பரப்பைத் தொடுவதால், அத்தகைய நட்டுகளில் நழுவும் வாய்ப்புக் குறைவு. புதிய இயந்திரங்களைப் பூட்டுவோருக்குப் பன்னிரு முனையும், பழைய இயந்திரங்களைக் கழற்றுவோருக்கு ஆறு முனையும் பொருந்தும் எனலாம். மலைத் தோட்டங்களில் பூட்டுவதைவிடக் கழற்றுவதே பெரும்பாடு.

பிற வகைகள்

செருமானியத் தரமான டின் 3113 காம்பினேஷன் ஸ்பேனரை இரு வடிவங்களாகப் பிரிக்கிறது. 'அ' வடிவத்தில் வளையம் தண்டிலிருந்து 15 பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். இதுவே பொதுப் பயன்பாட்டு வடிவம். 'ஆ' வடிவத்தில் தண்டு வளைந்து, வளையம் தாழ்ந்து நிற்கும். பள்ளத்தில் அமைந்த நட்டுகளை எட்டுவதற்கும், தண்டின்கீழ் விரல்கள் இயந்திரத்தில் மோதாமல் இருப்பதற்கும் இது உதவும். ஆயினும் மேலே தடை இருக்கும் இடத்தில் இது நுழையாது.

நீளத்தாலும் வகைகள் உண்டு. 17 மி.மீ. ஸ்பேனர் ஏறத்தாழ 20 செ.மீ. நீளமிருக்கும் எனக் கொள்வோம். அதன் நுனியில் 25 கிலோ எடைக்குச் சமமான விசை தந்தால் சுமார் 49 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை கிடைக்கும், 10 மி.மீ. தடிமனுள்ள நல்ல எஃகு போல்ட்டுக்கு இது ஏறக்குறையப் போதுமானது. அதாவது, ஸ்பேனரின் நீளம் அதன் அளவுக்குரிய போல்ட்டைக் கருதியே வகுக்கப்பட்டுள்ளது. தண்டில் குழாயைச் செருகி நீட்டிக்கொள்ளும் பழக்கம் எங்கும் காணப்படுகிறது. நீளம் இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும். திறந்த வாய் விரியும், அல்லது போல்ட்டு முறியும்.

ராட்செட் வகையில் வளையத்தினுள் பற்சக்கரம் இருக்கும். 72 பற்கள் கொண்ட சக்கரமாயின் 5 பாகை அசைவே போதும். நீளமான மரையில் நட்டை ஓட்டுவதற்கு இதனினும் விரைவான கைக்கருவி அரிது. ஆனால் அதன் வளையச் சுவர் தடித்தது. சிறு பற்கள் அதிர்ச்சியைத் தாங்கா. இறுகிய நட்டைச் சாதாரண வளையத்தால் நெகிழ்த்தியபின் ராட்செட்டைப் பயன்படுத்துவதே முறை. தூசியும் தேயிலைத் தூளும் புகுந்தால் பற்சக்கரம் சிக்கிக்கொள்ளும் என்பதால் தொழிற்சாலைத் தளத்திற்கு இதனை முதற்கருவியாகப் பரிந்துரைக்க இயலாது.

தண்டின் வடிவம் பெரும்பாலும் கைக்கு இதம் பற்றியது. நடுவில் குழிவுடைய தண்டு எடை குறைந்தது. ஆனால் அதன் விளிம்பு உள்ளங்கையை உறுத்தும். முழுத் திரட்சியான தண்டு எண்ணெய்க் கையிலும் துடைக்க எளிது.

அளவுக் குழப்பம்

நட்டு மழுங்குவதற்கு மட்டமான ஸ்பேனரைவிடத் தவறான அளவே மிகுதியும் காரணமாகிறது. நீலகிரியின் பழைய தோட்டங்களில் மூன்று அளவு முறைகள் ஒரே கூரையின்கீழ்ச் சந்திக்கின்றன.

முதலாவது, 1841இல் பிரித்தானியப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த மரை முறை. பெல்ஃபாஸ்ட் நகரின் டேவிட்சன் நிறுவனம், கெயின்சுபரோவின் மார்ஷல் நிறுவனம் முதலியவை தேயிலை இயந்திரங்களை உலகெங்கும் அனுப்பிய காலத்தில் பிரித்தானியப் பட்டறைகளில் இம்முறையே வழங்கியது. விட்வொர்த் ஸ்பேனரில் பொறிக்கப்பட்டிருக்கும் எண் வாயின் அகலத்தைக் குறிப்பதன்று; போல்ட்டின் விட்டத்தைக் குறிப்பது. 1/2 என்று பொறித்த பழைய விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 0.92 அங்குலம், அதாவது சுமார் 23.4 மி.மீ. பட்டைக்குப் பட்டை அளக்கும் அமெரிக்க அங்குல முறையிலோ 1/2 என்பது 12.7 மி.மீ. மட்டுமே.

இரண்டாவது, அந்த அமெரிக்க முறை. வில்லிஸ் வடிவமைப்பிலிருந்து வந்த பழைய மகிந்திரா ஜீப்புகளில் இவ்வளவுகளைக் காணலாம். மூன்றாவது, இன்று பொதுவான மெட்ரிக் முறை.

ஒரு முறையின் ஸ்பேனர் மற்றொரு முறையின் நட்டுக்குச் சில இடங்களில் பொருந்தும். 3/4 அங்குலம் 19.05 மி.மீ. ஆதலால் 19 மி.மீ. ஸ்பேனர் பெரும்பாலும் பொருந்திவிடும். 3/8 விட்வொர்த் நட்டுக்கு 18 மி.மீ. ஏறக்குறையச் சரியாக அமையும். 1/2 அங்குலப் பட்டைக்கு 13 மி.மீ. ஸ்பேனர் நுழையும், ஆனால் 0.3 மி.மீ. தளர்வு உண்டு, இறுகிய நட்டில் இது ஆபத்து. 5/16 விட்வொர்த் நட்டின் அகலம் 15.2 மி.மீ. அதில் 15 நுழையாது, 16 நழுவும். அதற்கு உரிய ஸ்பேனரைத் தவிர வேறு வழியில்லை.

மெட்ரிக் முறைக்குள்ளும் ஒரு சிக்கல் உள்ளது. 10 மி.மீ. போல்ட்டின் தலை பழைய செருமானியத் தரத்தில் 17 மி.மீ., பன்னாட்டுத் தரத்தில் 16 மி.மீ., சப்பானிய ஊர்திகள் பலவற்றில் 14 மி.மீ. ஆகவே 10, 13, 17, 19 ஆகிய நான்கு மட்டும் போதும் என்ற பழைய கணக்கு இன்று செல்லாது.

தேயிலைத் தொழிற்சாலைகளில் பயன்பாடு

தேவர்சோலை, கூடலூரிலிருந்து கேரளத்தின் சுல்தான் பத்தேரிக்குச் செல்லும் சாலையில் அமைந்த பேரூராட்சி ஆகும். தென்மேற்குப் பருவமழை இப்பகுதியில் சூன் முதல் செப்டம்பர் வரை கடுமையாகப் பெய்யும். வெளியிலுள்ள நட்டுகள் ஒரே மழைக்காலத்தில் துருவேறிவிடும். தொழிற்சாலையினுள் வேறொரு பகை உண்டு: தேயிலைச் சாற்றிலுள்ள டானின் இரும்புடன் சேர்ந்து கருநிறப் படிவத்தை உண்டாக்குகிறது. இப்படிவம் பட்டையின்மேல் ஏறியிருந்தால் ஸ்பேனர் முழுவதும் உள்ளே அமராது. கம்பித் தூரிகையால் தேய்த்தபின் பொருத்துவதே முறை. இதனைச் செய்யாமல் நட்டை மழுக்கிவிட்டு ஸ்பேனரைக் குறை கூறுவது வழக்கமாக உள்ளது.

சி.டி.சி. எனப்படும் நொறுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திரம் அசாமில் 1930களின் தொடக்கத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கியது. அதன் பல்லுருளைகள் மழுங்கும்போது கழற்றிக் கூர்தீட்டப்பட வேண்டும். எனவே உருளைகளைத் தாங்கும் பேரிங் கட்டைகளின் போல்ட்டுகள் திரும்பத் திரும்பக் கழற்றப்படுபவை. ஒருமுறை நழுவிய முனை அடுத்த முறையும் நழுவும். உருளையிலிருந்து வெளிவந்த இலையின் நொதித்தலை உலர்த்தியின் வெப்பமே நிறுத்தும். உலர்த்தி நின்று, அதன் பழுதுபார்ப்பு ஒரு மழுங்கிய நட்டால் ஒரு மணி நேரம் தாமதமானால், நொதித்தல் படுகையிலுள்ள தேயிலை அளவுக்கு மீறிப் புளித்துத் தரம் குன்றும். சிறு விவசாயிகளின் இலையை வாங்கும் கூட்டுறவுத் தொழிற்சாலைகளில் இவ்விழப்பு எளிதில் தாங்கக்கூடியதன்று.

முலாம் உரியும் ஸ்பேனர் இங்கு மேலும் ஒரு காரணத்தால் ஒதுக்கப்பட வேண்டும். உரிந்த குரோமியச் செதில் கத்திபோல் கையைக் கிழிக்கும், தேயிலையிலும் விழக்கூடும். தேயிலையில் இரும்புத் துகளுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு விதித்துள்ளது. தொழிற்சாலைகளில் துகளைப் பிரிக்கக் காந்தங்கள் வைக்கப்படுகின்றன.

தரம் அறிதல்

பளபளப்பு தரத்தின் அடையாளமன்று. நல்ல ஸ்பேனர் குரோம் வனேடியம் போன்ற கலப்பு எஃகைச் சூடாக்கி அச்சில் அடித்து உருவாக்கி, பின்னர் வெப்பப் பதம் செய்யப்பட்டது. பதம் குறைந்தால் வாய் விரியும், மிகுந்தால் உடையும். 'குரோம் வனேடியம்' என்ற பொறிப்பை யாரும் பொறித்துவிட இயலும் என்பதால் அதனை மட்டும் நம்புதல் தகாது.

கடையில் செய்யக்கூடிய எளிய சோதனை, புதிய போல்ட்டு ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்வதாகும். திறந்த வாயில் போல்ட்டுத் தலையைச் செருகித் தண்டை அசைத்துப் பார்க்க வேண்டும். சிறிது அசைவு இயல்பு. தண்டின் நுனி விரலளவுக்கு மேல் ஆடினால் அந்த ஸ்பேனர் வேண்டியதில்லை. இரு தாடைகளும் இணையாக உள்ளனவா என்பதை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் காணலாம். வளையத்தின் சுவர் சுற்றிலும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மெலிந்திருந்தால் துளை மையம் விலகியுள்ளது என்பது பொருள். அந்த இடத்திலேயே அது பிளக்கும்.

எதனை வாங்குவது

இந்தியப் பட்டறைகளில் '12-13', '16-17' என்று இரட்டை எண்ணால் கேட்கப்படும் இருமுனை ஸ்பேனர்களே நெடுநாள் வழக்கு. அவற்றுள் திறந்த வாய் ஒரு தொகுதி, வளையம் ஒரு தொகுதி எனச் சேர்த்தால் ஒவ்வோர் அளவிலும் இரண்டு பிடிகள் கைவசம் இருக்கும். காம்பினேஷன் தொகுதியில் ஓர் அளவுக்கு ஒரு ஸ்பேனரே உண்டு. போல்ட்டுத் தலையை ஒன்றால் பிடித்து, மறுபுறம் நட்டை இன்னொன்றால் திருப்ப வேண்டிய வேலைக்கு அது போதாது. பையில் சுமந்து தோட்டத்தின் மேட்டில் ஏறிச் செல்லும் பிட்டருக்குக் காம்பினேஷன் தொகுதி எடை குறைவு, கை மாற்றம் குறைவு. 13, 17, 19 ஆகிய அளவுகளில் மட்டும் இரண்டாவது ஸ்பேனர் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் மேற்கண்ட குறை பெரும்பாலும் நீங்கும். அந்த இரண்டாவது, ஆறு முனை வளையம் உடையதாக இருப்பின் இன்னும் நன்று.

பயன்படுத்தும்போது ஸ்பேனரைத் தம்மை நோக்கி இழுக்க வேண்டும். தள்ள நேர்ந்தால் விரல்களை மடக்காமல் விரித்த உள்ளங்கையால் தள்ளுதல் வேண்டும். நழுவினால் விரல் மொளிகள் இயந்திரத்தில் மோதி உடைவதை இது தடுக்கும். துருவேறிய நட்டில் ஊடுருவும் எண்ணெயை முன்னிரவே விட்டுவைப்பது மறுநாட் காலையில் குழாய் செருகுவதைவிடப் பயன் தரும். வேலை முடிந்தபின் ஸ்பேனரைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசிய துணியில் சுற்றி வைத்தால் மழைக்காலத்திலும் துரு அண்டாது.