ஒரு கெண்டியும் ஒரு வெள்ளைச் சீலையும்

 

வீட்டிலுள்ள ஆகப் பழைய சாமானைப் படமெடுத்து வரும்படி வகுப்பில் சொல்லியிருந்தேன். ஒரு பிள்ளை தன் உம்மம்மாவின் பித்தளைக் கெண்டியைப் போனில் எடுத்து வந்தாள். கெண்டியின் வயிற்றில் பிளாஷ் வெளிச்சம் வெள்ளைப் பொட்டாகத் தெறித்திருந்தது. சொண்டு, பின்னால் கிடந்த பூப்போட்ட விரிப்புக்குள் மறைந்துவிட்டது. "நேரில நல்ல வடிவு சேர், படத்திலதான் ஒண்டும் தெரியேல்ல" என்றாள்.

அவளுக்கு வந்த சிக்கல் புகைப்படக்கலையின் தொடக்க காலத்திலேயே வந்த சிக்கல்தான். அந்நாட்களில் ஒரு படம் பதிய நெடுநேரம் எடுக்கும். மனிதர் அசைந்துவிடுவர், சாமான் அசையாது. அதனால் முன்னோடிகள் பலர் கோப்பை, சிலை, புத்தக அடுக்கு என்று அசையாப் பொருட்களையே படமெடுத்தார்கள்.

இங்கிலாந்தின் ஃபொக்ஸ் டல்போட் 1844 இல் 'இயற்கையின் பென்சில்' என்ற நூலைப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். அதில் ஒரு படம், தட்டுகளில் வரிசையாக அடுக்கிய பீங்கான் பாத்திரங்கள். அதற்கு அவர் எழுதிய விளக்கம் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு பாத்திரத்தையும் எழுத்தில் விவரித்துப் பட்டியல் போட நெடுநேரமாகும், படம் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பதிந்துவிடும். நாளைக்குக் கள்ளன் அவற்றைக் கொண்டுபோனால், வாய்பேசாத அந்தப் படமே வழக்கில் சாட்சியாகலாம் என்றார்.

அதே நூலில் ஒரு வெண்சிலையின் படமும் உண்டு. நேர் வெயில் கடும் நிழலை விழுத்தி உருவத்தைக் குழப்பும், மேகமூட்டமான நாளே நல்லது என்கிறார். வெயிலில்தான் எடுக்க வேண்டுமென்றால், நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் வெளிச்சம் திரும்பி விழுந்து இருண்ட பக்கமும் தெரியும். 180 வருடம் கழிந்தும் இதைவிட மலிவான உபாயம் வரவில்லை.

நம் நாட்டில் புகைப்படத்தைக் கலையாக உயர்த்தியவர் கொழும்பில் 1900 இல் பிறந்த லயனல் வென்ட். அவரும் அசையாப் பொருட்களைப் படமெடுத்தவர். 1944 இல் அவர் காலமான பின் நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. அச்சிட்ட படங்கள் எஞ்சியிருந்ததால்தான் 1950 இல் அவர் படங்களை ஒரு நூலாகக் கொண்டுவர முடிந்தது.

சரி, கொழும்பை விட்டு நயினாதீவுக்கு வருவோம். நாகபூசணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டு மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. ஊராத்துறைக்கு, அதாவது நம் ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசி வணிகரைக் காக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்கென்றால் செம்பாதி. இப்படித் தேய்ந்த கல்லை நேரே விழும் வெளிச்சத்தில் பார்த்தால் எழுத்து கல்லோடு கல்லாகிவிடும். பக்கத்திலிருந்து சாய்ந்து வரும் வெளிச்சத்தில்தான் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். கெண்டியில் பொறித்த பெயருக்கும் இதே விதிதான்.

அந்தப் பிள்ளைக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பிளாஷை நிறுத்துங்கள். வெயில் நேரே விழாத யன்னலுக்குப் பக்கவாட்டாகச் சாமானை வையுங்கள். மறுபக்கம் வெள்ளைச் சீலையோ கடதாசியோ பிடியுங்கள். பித்தளை கண்ணாடி மாதிரி, உங்கள் சட்டை நிறத்தையும் காட்டிவிடும். ஆகவே பளபளப்பு பொட்டாக இல்லாமல் நீண்ட கோடாக ஓடும்வரை கெண்டியை மெல்லத் திருப்புங்கள்.

பின்னால் பூவில்லாத ஒரு துணி போதும், சாமானை அதிலிருந்து ஒரு முழம் முன்னே வையுங்கள். கெண்டியை அதன் வயிற்று மட்டத்திலும், ஓலைப் பெட்டியின் பின்னலை மேலிருந்தும் எடுங்கள். சொண்டு பார்க்கும் பக்கம் கொஞ்சம் கூடுதல் வெளி விடுங்கள். போனை மிகக் கிட்டக் கொண்டுபோனால் உருவம் ஊதித் தெரியும். ஓரடி பின்னே நின்று எடுங்கள். அடிமட்டம் வைத்து ஒரு படம், பெயரும் நசுங்கலும் தெரியச் சாய்ந்த வெளிச்சத்தில் இன்னொரு படம்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேரத்துக்குள் வீடு வாசலை விட்டுப் போனார்கள். தீவகத்துத் தமிழ்க் குடும்பங்களும் அதே வருடம் இடம்பெயர்ந்தன. என்ன இருந்தது என்று கேட்டால் பெரியவர்கள் கையால் அளவு காட்டுகிறார்கள். "இந்தளவு உயரம் மகன், சொண்டில பூவேலை" என்று. படம் இல்லை. உடைந்த கப்பலுக்கும் உடையவன் பங்கைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. நம் சட்டிபானைக்கு ஒரு சாட்சி வைக்காமல் விட்டோம்.

எஞ்சியதையாவது எடுப்போம். யாருடையது, எந்த ஊர், யார் தந்தது என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுப் படத்தோடு எழுதுங்கள். போனில் மட்டும் வைக்காமல் ஒரு பிரதி அச்சிடுங்கள், இன்னொன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

அந்தப் பிள்ளை மறுபடியும் எடுத்து வந்தாள். கெண்டியின் கழுத்தடியில் தேய்ந்துபோன இரண்டு எழுத்துகள் தெரிந்தன. உம்மம்மாவின் வாப்பாவுடைய பெயரின் முதல் எழுத்துகளாம். அந்த வீட்டில் யாரும் அதுவரை கண்டதில்லை.